சிலையின் முதுகுப் பக்கம்

அன்புள்ள ஐயா,

சிலைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, போன ஞாயிறு கல்முனையிலிருந்து மகளோடு பஸ் ஏறி மட்டக்களப்பு நகரத்துச் சிலைகளைப் பார்க்கப் போனேன். காந்தி, மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டன. படம் எடுத்தோம். "இதை ஆர் செய்தது?" என்று மகள் கேட்டாள், எனக்குத் தெரியவில்லை. ஒரு சிலையில் பார்க்க அப்படி என்னதான் இருக்கிறது?

ஒரு வாசகர், கல்முனை

அன்புள்ள நண்பருக்கு,

மகளைக் கூட்டிக்கொண்டு போனீர்களே, மிகவும் சந்தோசம். ஆனால் பத்து நிமிடம் போதாது. எல்லோரும் முகத்துக்கு நேரே நின்று படம் எடுக்கிறோம். சிலை சுற்றிவந்து பார்ப்பதற்குரியது. முதுகுப் பக்கம் போய் நில்லுங்கள். துணியின் மடிப்பு எப்படி இறங்குகிறது, உடம்பின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்று பாருங்கள். முகத்தைப் படம் பார்த்துச் செய்துவிடலாம். முதுகுக்கு அநேகமாகப் படம் இருக்காது. அங்கே சிற்பி தன் கண்ணையே நம்பியிருப்பார்.

சீமெந்துச் சிலை என்றால் வெடிப்புகளையும் மகளுக்குக் காட்டுங்கள். உள்ளே கம்பிக்கூடு இருக்கும். வாவிக்கரை ஈரமும் உப்பும் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடக் கூடிய இடம் பிடிப்பதால் சீமெந்து உள்ளிருந்தே பிளக்கும். பெயின்ற் அடித்து அதை மறைப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஓல்ட் 1814இல் இங்கே வந்து, மறு ஆண்டே இறந்துபோனார். அவர் ஒரு வருடம்கூட வாழாத இந்த ஊர் அவரை இருநூறு வருடமாக மறக்கவில்லை. இதே நகரில்தான் 2012 ஏப்ரலில் காந்தி, சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல், தமிழறிஞர் சுவாமி விபுலாநந்தர், புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை ஆகியோரின் சிலைகளை உடைத்தார்கள். அதற்குப் பிறகு காந்தி பூங்காவுக்கு எப்போது போனாலும் முதலில் சிலையின் கழுத்தைத்தான் பார்க்கிறேன். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்ததும் அந்தப் பூங்காவில்தான். பின்னேரத்தில் போய், அங்கே கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள்.

மகள் கேட்டதுதான் சரியான கேள்வி. நம் ஊர்ச் சிலைகள் பலவற்றில் திறந்துவைத்தவரின் பெயர் கல்லில் இருக்கும், செய்தவரின் பெயர் இருக்காது. இது அநியாயம். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, அங்கே கட்புலக்கலை (ஓவியம், சிற்பம் போன்றவை) படிக்கும் பிள்ளைகளிடம் விசாரியுங்கள். பெயர் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள், இங்கேயே போடுகிறேன்.