அம்மா யாரோடு இருக்கிறார்?

கேள்வி: 2013-ல் எனக்கு இன்ஜினீயரிங் சீட் கிடைத்தது. இரண்டு பேரைப் படிக்க வைக்க வீட்டில் பணமில்லை என்று, பி.காம். இரண்டாம் ஆண்டில் இருந்த அக்கா படிப்பை நிறுத்திவிட்டாள். இப்போது திருப்பூரில் வீட்டிலேயே தையல் வேலை, இரண்டு பிள்ளைகள். அம்மாவும் அவளோடுதான். ஆன்லைனில் டிகிரி முடிக்க உதவலாம் என்று நினைக்கிறேன். ஃபீஸ் கட்டுகிறேன் என்றாலும் 'பார்க்கலாம்டா' என்றே சொல்கிறாள். எந்தப் பல்கலைக்கழகம் நல்லது? அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- வாசகர், பெங்களூரு

பதில்: பல்கலைக்கழகத்தை அப்புறம் பார்ப்போம் தம்பி. 'அம்மாவும் அவளோடுதான்' என்று இரண்டே வார்த்தையில் தாண்டிப் போய்விட்டீர்களே, அங்கே கொஞ்சம் நில்லுங்கள். அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார்? ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பது யார்? ராத்திரி அம்மா இருமினால் எழுந்து வெந்நீர் வைப்பது யார்? தையல், சமையல், பிள்ளைகள், அம்மா என்று ஓடுகிறவளிடம் போய், 'படி, பணம் தருகிறேன்' என்கிறீர்கள். அவளிடம் இல்லாதது நேரம். அம்மாவைக் கொஞ்ச நாள் நீ வைத்துக்கொள் என்று எந்த அக்காவும் வாய்விட்டுக் கேட்கமாட்டாள். அதைத்தான் 'பார்க்கலாம்டா' என்கிறாள்.

இதை உதவி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் விட்ட படிப்பில்தான் உங்கள் வேலை நிற்கிறது. இது கடன். பெற்றவளைப் பார்த்துக்கொள்வதில் மகனுக்கும் மகளுக்கும் சரிபங்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

சரி, படிப்புக்கு வருவோம். முதலில் பழைய மதிப்பெண் பட்டியல்களோடு அவள் படித்த பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். டிகிரியை முடிக்கக் காலவரம்பு உண்டு. இத்தனை வருடத்துக்குப் பிறகு பெரும்பாலும் முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். பிளஸ் டூ சான்றிதழ் போதும், மூன்று வருடம். ஆன்லைன் பட்டம் நடத்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதித்திருக்கும் பல்கலைக்கழகங்களின் பட்டியல் அதன் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் எந்த ஏஜென்ட்டுக்கும் பணம் கட்டாதீர்கள். அனுமதி பெற்ற இடத்தில் வாங்கும் பட்டம் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம். ஆன்லைன் வேண்டாம் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லிருந்து இயங்குகிறது; அஞ்சல்வழியில் தமிழிலேயே படிக்கலாம்.

எதில் சேர்ந்தாலும் அசைன்மென்ட் எழுத வேண்டும். செமஸ்டர் தேர்வுக்கு முன்னால் ஒரு மாதமாவது உட்கார்ந்து படிக்க வேண்டும். அந்த மாதங்களில் அம்மா உங்கள் வீட்டில் இருக்கட்டும். பெங்களூரு குளிர் ஒத்துக்கொள்ளாது என்று அம்மா மறுத்தால், நீங்கள் லீவு போட்டுத் திருப்பூர் போய் இருங்கள். கல்யாணமானவர் என்றால் இன்னொன்று: அம்மாவை அழைத்து வந்து மனைவி தலையில் கட்டிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

இந்தச் சனிக்கிழமையே திருப்பூருக்குப் போங்கள். டிகிரிப் பேச்சை எடுக்க வேண்டாம். அம்மாவின் மருந்துச் சீட்டை வாங்கி, எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று அக்காவிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.