வீடு வாங்கினால் குடியிருப்பு அனுமதி வந்துவிடுமா? மொரீஷியஸ் கேள்வி-பதில்

மொரீஷியசில் வந்து தங்குவது பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வீட்டைப் பற்றியவை. அனுமதி கொடுப்பவர்கள் முதலில் பார்ப்பது வீட்டை அல்ல. பணம் யார் பெயரில், எந்த வழியாக வருகிறது என்பதைத்தான். கீழே உள்ள பதில்கள் பலவும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கும்.

கேள்வி: எனக்கு 63 வயது. சென்னையில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வூதியம் மாதம் 58,000 ரூபாய். மகள் மொரீஷியசில் எபேனில் வேலை பார்க்கிறாள். ஓய்வு பெற்றவர்களுக்கான அனுமதி எனக்குக் கிடைக்குமா?

வயது தடையில்லை, 50 நிறைந்தாலே போதும். பணம்தான் இடிக்கிறது. மாதம் 2,000 டாலர், அல்லது ஆண்டுக்கு மொத்தமாக 24,000 டாலர், உங்கள் பெயரில் உள்ள மொரீஷியஸ் வங்கிக் கணக்குக்கு வெளிநாட்டிலிருந்து வந்து சேர வேண்டும். 2025-26 பட்ஜெட்டுக்கு முன்பு இது 1,500 டாலராக இருந்தது. இணையத்தில் இன்னும் பழைய தொகைதான் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இந்திய ரூபாயில் மாதம் ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டும். அது ஓய்வூதியமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வைப்புநிதி வட்டி, வாடகை, சேமிப்பு எதுவானாலும் சரி. ஆனால் மகள் தன் உள்ளூர் சம்பளக் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு மாற்றினால் அது கணக்கில் சேராது. நிறைய பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

உங்களுக்கு இந்த அனுமதியே தேவைப்படாமலும் போகலாம். மகள் தொழில் அனுமதியில் (வேலை பார்க்கவும் தங்கவும் சேர்த்துத் தரும் அனுமதி) இருந்தால், பெற்றோரைத் தன்னைச் சார்ந்தவர்களாக அழைத்துக்கொள்ள அவளே விண்ணப்பிக்கலாம். அப்போது டாலர் கணக்கு உங்களுக்கு இல்லை. ஒரே ஒரு சிக்கல்: உங்கள் அனுமதி அவள் அனுமதியின் வாலில் தொங்கும். அவள் வேலையை விட்டால் உங்களுடையதும் போகும்.

கேள்வி: கிராண்ட் பேயில் 62 லட்சம் மொரீஷியஸ் ரூபாய்க்கு ஒரு அபார்ட்மென்ட் பேசி முடித்திருக்கிறோம். தரகர், "வெளிநாட்டவர் வாங்கலாம், சட்டப்படி சரி" என்கிறார். குடியிருப்பு அனுமதியும் கூடவே வருமா?

தரகர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். தரைத்தளத்துக்கு மேல் குறைந்தது இரண்டு மாடி உள்ள கட்டடத்தில், 60 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபார்ட்மென்டை அரசு ஒப்புதலோடு வெளிநாட்டவர் வாங்கலாம். அது சொத்து வாங்கும் உரிமை மட்டுமே. அங்கே குடியிருக்கும் உரிமை வேண்டுமானால் வீட்டின் விலை 3,75,000 டாலருக்குக் குறையக் கூடாது. 62 லட்சம் அதில் பாதியைக்கூடத் தொடாது. உங்கள் வீட்டிலேயே சுற்றுலா விசாவில் வந்து தங்கிப் போக வேண்டியதுதான்.

3,75,000 டாலர் வரம்பு, ஐ.ஆர்.எஸ்., ஆர்.இ.எஸ்., பி.டி.எஸ்., ஸ்மார்ட் சிட்டி என்ற திட்டங்களின் கீழ் அங்கீகாரம் பெற்ற வீடுகளுக்கும் பொருந்தும். 2020-க்கு முன்பு அது 5,00,000 டாலர். இந்த அனுமதி, வீடு உங்கள் பெயரில் இருக்கும் வரைக்கும்தான். விற்ற அன்றே அனுமதியும் போய்விடும்.

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை வாங்குவதாக இருந்தால் இன்னொன்று. இங்கே பிரெஞ்சுச் சட்ட வழக்கப்படி கட்டட வேலை முன்னேற முன்னேறத் தவணை கட்டுவீர்கள். இதை 'வேஃபா' என்பார்கள். பில்டர் பாதியில் கைவிட்டாலும் வேலை முடியும் என்று வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ தரும் நிறைவு உத்தரவாதம் இருக்கிறதா என்று, பத்திரம் எழுதிப் பதியும் சட்ட அலுவலரான நோட்டேரிடம் கேளுங்கள். முன்பதிவு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள், பின்பு அல்ல. பில்டர் சிபாரிசு செய்யும் நோட்டேரே உங்களுக்கும் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கேள்வி: கோயம்புத்தூரில் இருக்கிறோம். அந்த 3,75,000 டாலரை இந்தியாவிலிருந்து எப்படி அனுப்புவது?

ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் அனுப்பலாம். ஆக ஒருவரால் ஒரே ஆண்டில் முடியாது. வழி இரண்டு. ஒன்று, கணவன் மனைவி இருவரும் அவரவர் கணக்கிலிருந்து அனுப்புவது. அப்படியானால் பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்க வேண்டும். மனைவி பணம் அனுப்பிவிட்டுப் பத்திரம் கணவர் பெயரில் மட்டும் இருந்தால் இந்திய வங்கியே கேள்வி கேட்கும். மற்றது, ஒரு பகுதியை மார்ச்சிலும் மிச்சத்தை ஏப்ரலிலும் அனுப்புவது. ஏப்ரல் 1 பிறந்தாலே புது நிதியாண்டு, புது வரம்பு.

வயிற்றைக் கலக்குவது, பணம் அனுப்பும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரியான டி.சி.எஸ். ஓர் ஆண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு 20 விழுக்காட்டை வங்கி பிடித்துக்கொள்ளும். 2.20 கோடி அனுப்புகிறீர்கள் என்றால், 10 லட்சம் போக மிச்சம் 2.10 கோடிக்கு 42 லட்சம் ரூபாய். வருமான வரிக் கணக்கில் இதைக் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் பணம் அனுப்பும் நாளில் அந்த 42 லட்சமும் கையில் ரொக்கமாக இருக்க வேண்டும். வீட்டின் விலையை மட்டும் திரட்டி வைத்துவிட்டு, கடைசித் தவணையில் விழி பிதுங்குவதற்கு இதுதான் காரணம். இந்தியாவில் வரி வசிப்பாளராக (வரிச் சட்டம் அந்நாட்டில் வசிப்பவராக எண்ணுபவராக) இருக்கும்வரை இந்த வீட்டையும் மொரீஷியஸ் வங்கிக் கணக்கையும் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்டியாக வேண்டும்; விட்டுப்போனால் அபராதம் கடுமை.

கேள்வி: பாஸ்போர்ட்டில் என் பெயர் ஒற்றைப் பெயர். குடும்பப் பெயர் இடம் காலி. திருமணம் 1982-ல் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. தடை வருமா?

தடை இல்லை, இழுபறி உண்டு. இந்த ஊரில் பிள்ளை, செட்டி, முதலியார் என்ற சொற்கள் நூறாண்டுக்கு மேலாகக் குடும்பப் பெயராகவே ஓடுகின்றன. தமிழ்நாட்டு முன்னெழுத்து முறை அவர்கள் படிவத்தில் உட்காராது. பாஸ்போர்ட்டில் 'சுந்தரம்', பிறப்புச் சான்றில் 'கே. சுந்தரம்', வங்கிக் கணக்கில் 'சுந்தரம் கந்தசாமி' என்று மூன்று விதமாக இருந்தால் மூன்று ஆளாகத்தான் தெரியும். கிளம்புவதற்கு முன்பே குடும்பப் பெயர் இடத்தை நிரப்பிப் புது பாஸ்போர்ட் எடுங்கள். பிறகு வங்கியில் அதே எழுத்துக்கூட்டலுக்கு மாற்றுங்கள். பழைய தாள்களுக்கு, எல்லாப் பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம்.

திருமணத்தை இப்போது பதிவு செய்யலாம், தாமதம் குற்றமல்ல. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்று வாங்கி, வெளிநாட்டில் அது செல்லுபடியாக இந்திய வெளியுறவு அமைச்சகம் தரும் அப்போஸ்டில் என்ற அத்தாட்சி முத்திரை பெறுங்கள். பிறப்புச் சான்றுக்கும் அதே. சான்று ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்க வேண்டும். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறதே என்று தமிழ்ச் சான்றை அப்படியே நீட்டிவிடாதீர்கள்! போலீஸ் நன்னடத்தைச் சான்றைக் கடைசியில் வாங்குங்கள். அது பழசாகிவிட்டால் செல்லாது, மற்றவை அப்படி அல்ல.

கேள்வி: ஓய்வு அனுமதியில் இருந்துகொண்டு ரோஸ் ஹில்லில் ஒரு கடை நடத்தலாமா?

முதலீடு போடலாம். நடத்தக் கூடாது, சம்பளமும் எடுக்கக் கூடாது. கல்லாவில் உட்கார வேண்டும் என்றால் முதலீட்டாளர் அனுமதிக்குப் போங்கள். அதற்கு 50,000 டாலர் கொண்டுவந்து, இங்கே கம்பெனி பதிவு செய்து, அதில் பங்குதாரராகவும் இயக்குநராகவும் இருக்க வேண்டும். பிறகு விற்றுமுதல் நிபந்தனையும் உண்டு. நீங்கள் வந்து சேரும்வரை, இங்கே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது கம்பெனிக்குத் தேவை. பத்துக்குப் பத்து மளிகைக் கடைக்கு இவ்வளவு ஏற்பாடு கட்டுப்படியாகாது என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: மொரீஷியசில் வரியே இல்லை என்கிறார்களே?

மரபுரிமை வரி கிடையாது, மூலதன ஆதாய வரியும் கிடையாது. வருமான வரி உண்டு. ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையான ஆண்டில் 183 நாள் இங்கே இருந்தால் நீங்கள் வரி வசிப்பாளர். அந்த ஆண்டும் முந்தைய இரண்டும் சேர்த்து 270 நாள் ஆனாலும் அப்படித்தான்; "இந்த வருஷம் நாலு மாசம்தானே இருந்தேன்" என்பவர்கள் இந்த இரண்டாவது கணக்கில் மாட்டுகிறார்கள். வெளிநாட்டு வருமானத்தில் நாட்டுக்குள் கொண்டுவருவதற்கு மட்டுமே வரி. ஆனால் அனுமதிக்காக நீங்கள் கொண்டுவந்தே தீர வேண்டிய 24,000 டாலரும் அந்த ஆண்டின் வருமானமாக இருந்தால் அதில் அடக்கம். அது சுமார் 11 லட்சம் மொரீஷியஸ் ரூபாய். முதல் 5 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 5 லட்சத்துக்கு 10 விழுக்காடு, அதற்கு மேல் 20. ஆக ஆண்டுக்கு 70,000 ரூபாய் சுற்றி வரும். பழைய சேமிப்பிலிருந்து வருவது வருமானம் அல்ல. அதனால் சேமிப்புக்கும் வட்டிக்கும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் பிறகு பிரித்துக் காட்ட முடியாது.

கேள்வி: டர்பனில் இருக்கிறோம். எனக்கு 52 வயது. வீடு, பங்குகள், ரிடயர்மென்ட் அன்யூட்டி (ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம்) இருக்கின்றன. மொரீஷியஸ் போனால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா?

தென்னாப்பிரிக்க வரி வசிப்பாளர் நிலையிலிருந்து வெளியேறினால், அதற்கு முந்தைய நாளே உங்கள் பங்குகளை விற்றதாக எண்ணி மூலதன ஆதாய வரி கேட்பார்கள். டர்பன் வீடு இதில் சேராது, அதை உண்மையாகவே விற்கும்போதுதான் வரி. அன்யூட்டியை 55-க்கு முன் முழுதாக எடுக்க, தொடர்ந்து மூன்று ஆண்டு வரி வசிப்பாளராக இல்லாமல் இருந்திருக்க வேண்டும். 2021 மார்ச் முதல் இதுதான் விதி. உங்கள் வயதுக்கு அந்த மூன்று ஆண்டும் 55-ம் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேரும். ஆனால் 55-ல் வழக்கமான முறையில் ஓய்வு எடுத்தால் மூன்றில் ஒரு பங்குதான் ரொக்கம், மிச்சம் மாத வருமானமாக வரும். அந்த மாத வருமானம் மொரீஷியஸ் கணக்குக்கு நேராக வந்தால் 2,000 டாலர் நிபந்தனைக்கு அதுவே உதவும். முழுத் தொகைக்கு ஆசைப்படும் முன் இதையும் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: விண்ணப்பம் எங்கே கொடுப்பது?

மொரீஷியஸ் அரசின் பொருளாதார வளர்ச்சி வாரியம்தான் பார்க்கிறது. ஆனால் தாள்களை அள்ளிக்கொண்டு அங்கே போய் நிற்க வேண்டாம். முதல் கட்டம் இணையவழி. கொள்கை அளவில் ஒப்புதல் வந்த பிறகே மூலத் தாள்களோடு நேரில். மார்பு எக்ஸ்ரே, ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி உள்ளிட்ட மருத்துவச் சோதனைகளை இங்கே வந்து செய்துகொள்ளுங்கள். தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. தை மாதத்தில் வருகிறவர்கள் நாளைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.