கைத்தொலைபேசி காட்டும் எண்ணும் சட்டம் சொல்லும் எண்ணும்

வளி மாசு பற்றி யாழ்ப்பாண வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, வளித்தர அளவீட்டில் நெடுங்காலம் பணியாற்றிய இரசாயனவியலாளர் ஒருவர் எழுதிய பதில்கள்.

கேள்வி (கொக்குவில், ஆசிரியை): ஐயா, மார்கழியில் எனது கைத்தொலைபேசி யாழ்ப்பாணத்தின் வளித்தரச் சுட்டெண் 137 என்று செம்மஞ்சளில் காட்டியது. அதே நாள் நியமத்துக்குள்தான் இருந்தது என்று அலுவலர் ஒருவர் சொன்னார். யாரை நம்புவது?

பதில்: இருவரும் உண்மையே சொல்லியிருக்கக்கூடும். சுட்டெண் என்பது வளியில் உள்ள தூசியின் அளவு அன்று. அந்த அளவை மக்களுக்கு விளங்கும்படி மாற்றியமைத்த ஓர் ஏணிப்படி மட்டுமே. பெரும்பாலான செயலிகள் அமெரிக்க ஏணியைப் பயன்படுத்துகின்றன. அதில் 2.5 மைக்கிரோமீற்றருக்கு உட்பட்ட நுண்துணிக்கைகள் ஒரு கன மீற்றர் வளியில் 35.4 மைக்கிரோகிராமைத் தாண்டியதும் சுட்டெண் 100ஐத் தாண்டிவிடும். இலங்கையின் நியமமோ 1994இல் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிகளை 2008இல் திருத்தியபோது வகுக்கப்பட்டது. அதன்படி 24 மணித்தியாலச் சராசரி 50 மைக்கிரோகிராம் வரையும், ஆண்டுச் சராசரி 25 வரையும் இருக்கலாம். அந்த 50ஐ அமெரிக்க ஏணியில் ஏற்றிப் பாருங்கள், ஏறத்தாழ 137 வரும். நீங்கள் கண்ட எண் அதுதான்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலில் இதே அளவுகள் முறையே 15, 5 மட்டுமே. எங்களது நியமத்தை இறுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது என் கருத்து. ஆனால் அதற்கு முன், தலைநகருக்கு வெளியேயும் ஆண்டு முழுவதும் இடைவிடாமல் அளக்கும் ஏற்பாடு வேண்டும். அளக்கப்படாத இடத்தில் 50 என்றாலும் 15 என்றாலும் அது தாளில் இருக்கும் எண்தான்.

கேள்வி (குருநகர், கடற்றொழிலாளர்): இங்கே பெரிய தொழிற்சாலைகள் இல்லை. பிறகெப்படி வாடை வீசும் காலத்தில் மட்டும் வானம் மங்குகிறது?

பதில்: உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் எமக்கு வருவது பெருங்கடலைக் கடந்த காற்று. வாடை கொண்டுவருவதோ இந்தியப் பெருநிலத்தின் மேலாக நகர்ந்து வந்த காற்று. குளிர்காலத்தில் அந்நிலப்பரப்பில் தரையை ஒட்டிய குளிர்ந்த வளியின் மேல் வெப்பமான வளி மூடிபோல் அமர்ந்துகொள்வதால், புகை மேலெழ முடியாமல் தேங்கி, பின்னர் காற்றோடு தெற்கே இறங்குகிறது. 2022 டிசம்பரில் வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் நிலைகொண்டிருந்தபோது இது மிக வெளிப்படையாகத் தெரிந்தது. டிசம்பர் 9ஆம் திகதி அரச பாடசாலைகளே மூடப்பட்டன. எல்லை கடக்கும் மாசு குறித்து தெற்காசிய நாடுகள் 1998இல் மாலே பிரகடனத்தை ஏற்றுக்கொண்டன. இலங்கையும் இந்தியாவும் அதில் உண்டு. எனினும் அது ஒத்துழைப்புக்கான இணக்கமே. எந்த நாட்டுக்கும் அது உச்ச வரம்பு விதிக்கவில்லை.

கேள்வி (சாவகச்சேரி): அயலிலுள்ள ஆலையின் புகை எங்கள் வீட்டுக்குள் வருகிறது. எங்கே முறையிடுவது?

பதில்: முதலில் அந்த ஆலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் உண்டா என்று கேளுங்கள். பெரிய தொழில்களுக்கு அதை மத்திய சுற்றாடல் அதிகார சபை வழங்குகிறது. சிறியவற்றுக்கு அந்த அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளதால், பிரதேச சபையோ நகர சபையோ வழங்கும். அனுமதிப்பத்திரத்துடன் நிபந்தனைகளும் இணைக்கப்பட்டிருக்கும்; உங்கள் முறைப்பாடு அந்த நிபந்தனைகளைத் தொட்டுப் பேசினால் அதிகாரி தட்டிக்கழிப்பது கடினம். புகைபோக்கியிலிருந்து வெளியேறும் புகைக்கு 2019ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் தனி வரம்புகள் உள்ளன. மேலே சொன்ன 50 என்ற எண் பொதுவான வெளிக்காற்றுக்கு உரியது என்பதால், அதை ஆலைக்காரர் முன் நீட்டிப் பயனில்லை.

"எப்போதும் புகை" என்று எழுதாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு கொப்பியில் திகதி, நேரம், காற்று வந்த திசை, புகையின் நிறம், மணம் ஆகியவற்றைக் குறித்து, அயலவர் இருவரின் கையொப்பத்தோடு கொடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒரு பிரதி போகட்டும். அப்படியும் அசைவில்லையென்றால், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லையை அகற்றுமாறு நீதவான் கட்டளையிட முடியும்.

கேள்வி (பருத்தித்துறை): புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருந்தும் சில பேருந்துகள் கரும்புகை கக்குகின்றனவே?

பதில்: 2008இல் தொடங்கிய அந்தப் பரிசோதனை ஆண்டுக்கொரு முறை, வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும் வேளையில்தான் நடக்கிறது. காலையில் குளிப்பாட்டிப் பொட்டு வைத்த பிள்ளை மாலைவரை அப்படியே இருக்குமா? வீதியில் மறித்துச் சோதிப்பது கூட வேண்டும். அதே வேளை, எரிபொருளையே மாற்றினால் பலன் எவ்வளவு உறுதியாகக் கிடைக்கும் என்பதற்கு, 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது நல்ல சான்று.

கேள்வி (நல்லூர், உயர்தர மாணவர்): இணையத்தில் மலிவான தூசிமானி ஒன்று வாங்கினேன். அதன் அளவீட்டை முறைப்பாட்டில் சேர்க்கலாமா?

பதில்: சான்றாகச் சேர்க்க வேண்டாம், துப்பறியப் பயன்படுத்துங்கள். உங்கள் கருவி துணிக்கைகளில் பட்டுச் சிதறும் ஒளியைக் கொண்டு தூசியை மதிப்பிடுகிறது. ஈரப்பதன் மிகுந்த எங்கள் விடியற்காலைகளில் துணிக்கைகள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடுவதால், கருவி தண்ணீரையும் தூசியாக எண்ணிவிடும். கடலோரத்தில் உப்புத் துகள்கள் இதை இன்னும் கூட்டும். முறையான அளவீட்டில், 24 மணித்தியாலம் வளியை இழுத்த வடிதாளை, ஈரப்பதன் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் முன்னும் பின்னும் நிறுத்துப் பார்ப்பார்கள்.

ஆயினும், ஈரம் மெதுவாகவே ஏறி இறங்கும். புகையோ திடீரென்று எழுந்து தணியும். ஆகவே எண்ணை விட்டுவிட்டு வரைபின் வடிவத்தைப் பாருங்கள். நாள்தோறும் ஆறரை மணிக்கு ஒரு கூர்முனை எழுந்தால், உங்கள் ஒழுங்கையில் யாரோ பொலித்தீனோடு குப்பை கொளுத்துகிறார் என்று சந்தேகிக்கலாம். திறந்த வெளியில் அப்படி எரிப்பது 2017 முதல் வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டுள்ளது. கருவியைத் தாழ்வாரத்தில் மழைபடாமல், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். அடுப்படிக்குக் கிட்ட வைத்தால் அம்மாவின் விறகடுப்பைத்தான் அளப்பீர்கள்.