மொழி தெரியாத நாட்டில் தொண்டு செய்யப் போய் நோயில் விழுந்தால் எப்படிச் சமாளிப்பது?

கேட்டிருப்பவர் பல்கலைக்கழகம் முடித்துவிட்டு, வேலை கிடைக்கும் வரை வெளிநாட்டில் தொண்டு செய்ய நினைக்கும் பிள்ளை என்று எடுத்துக்கொள்கிறேன். "காய்ச்சல் வந்தால் அங்கே யார் பார்ப்பது?" என்று வீட்டில் அம்மா கேட்டிருப்பார். அவர் கேட்டது சரியான கேள்விதான்.

நான் எந்த நாட்டுக்கும் தொண்டு செய்யப் போனவள் அல்ல. அப்படியானால் உனக்கு ஏன் இந்த வாய் என்பவர்கள் அடுத்த பதிலுக்குப் போகலாம். யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையை வெளிநாட்டுத் தொண்டர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறேன். அவர்களில் ஒருத்திக்கு டெங்கு வந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பிள்ளை ஜப்பான்காரி. விசேட தேவையுள்ள சிறுவர்களுக்குச் சித்திரமும் கைவேலையும் சொல்லிக்கொடுக்க வந்தவள். தமிழில் வணக்கமும் நன்றியும் சொல்வாள். ஆங்கிலமும் சரளமாக வராது. மாரி மழை ஓய்ந்து தை பிறந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் நுளம்புக்குக் கொண்டாட்டமான காலம். காய்ச்சல் என்று அவள் வாயே திறக்கவில்லை. கதவைத் தட்டினால் போர்வைக்குள் இருந்தபடி சிரித்துக்கொண்டு "ஓகே, ஓகே அன்ரி" என்பாள். இடியப்பத் தட்டு தொடாமல் கிடந்ததைக் கண்டுதான் நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது.

தலைமாட்டில் ஒரு குளிசைப் பெட்டி இருந்தது. முழுவதும் ஜப்பானிய எழுத்து. டெங்குக் காலத்தில் பரசிற்றமோல் தவிர வேறு வலிக்குளிசை போட்டால் இரத்தக்கசிவு வரலாம் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படம் பிடித்து ரொறன்ரோவில் இருக்கும் பெறாமகனுக்கு அனுப்பினேன். அங்கே படுக்கிற நேரம். ஆனாலும் எங்கேயோ விசாரித்துப் பதில் போட்டான்: லொக்சோபுரோபென். இபுபுரோபென் வகையைச் சேர்ந்தது, ஜப்பானில் தலையிடிக்கும் காய்ச்சலுக்கும் சாதாரணமாகப் போடுவார்களாம். வைத்தியரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் பெட்டியை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுத்தான் குருதிப் பரிசோதனைக்கு எழுதினார். ஆகவே தம்பியோ தங்கச்சியோ, கொண்டுபோகும் ஒவ்வொரு மருந்தின் வேதிப்பெயரையும் ஆங்கிலத்தில் எழுதிப் பெட்டியிலேயே ஒட்டிவிடுங்கள். வணிகப் பெயர் அடுத்த நாட்டில் உதவாது. ஒவ்வாமை இருந்தால் அதையும் அப்படியே.

ஆஸ்பத்திரி விடுதியில் அனுமதித்தார்கள். வயிற்று நோவு இருக்கிறதா, சத்தி எடுத்தாயா, பல் முரசால் இரத்தம் வந்ததா என்று வைத்தியர் ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். "அப்படியென்றால் ஒன்றும் இல்லையா?" என்றார். அதற்கும் அதே தலையாட்டல். கைபேசியில் மொழிபெயர்க்கும் செயலி இருந்ததே என்பீர்கள். இருந்தது. செயலி கேள்வியை மாற்றிக் கொடுக்கும். பெரியவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று வளர்ந்த பிள்ளையிடமிருந்து உண்மையை எடுத்துத் தருமா? நான் ஒரு கடதாசியும் பென்சிலும் கொடுத்தேன். சித்திரக்காரி அல்லவா, ஒரு உடம்பை வரைந்து, வலது விலாவுக்குக் கீழே கறுப்பாகத் தீட்டிக்கொண்டே இருந்தாள். வைத்தியர் அந்த இடத்தை அழுத்தியதும் முகம் சுருங்கிப்போயிற்று. டெங்கில் வயிற்று நோவு அபாய அறிகுறி. உடனே அவளைத் தாதிமார் மேசைக்கு எதிர்க்கட்டிலுக்கு மாற்றினார்கள்.

இன்னொன்று. டெங்கில் காய்ச்சல் விடும் நேரம்தான் பயம். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் குருதிக்குழாய்களிலிருந்து நீர் கசியலாம். அதனால்தான் குடிக்கும் அளவையும் சிறுநீர் அளவையும் மில்லிலீற்றரில் எழுதச் சொல்கிறார்கள். இவளோ காய்ச்சல் விட்டதும் பையைக் கட்டத் தொடங்கிவிட்டாள். சாடியில் சிறுநீரை அளக்க வேண்டும் என்பதை அவளுக்கு நான் நடித்துக்காட்டிய கூத்தை இங்கே எழுதமாட்டேன். பக்கத்துக் கட்டில் ஆச்சி சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பப்பாசி இலைச் சாறு கொடுத்தீர்களா என்று கேட்க வருபவர்களுக்கு: ஆளாளுக்குச் சொன்னார்கள், நான் கொடுக்கவில்லை. ஜீவனி என்ற உப்புச்சர்க்கரைக் கரைசல், இளநீர், கஞ்சி, அவ்வளவுதான்.

அவளை அனுப்பிய அமைப்பு எங்கே என்கிறீர்களா? பிள்ளையிடம் கை நிறையக் கட்டணம் வாங்கியிருந்தது. இருபத்துநான்கு மணிநேர உதவி என்று தாளில் போட்டிருந்த இலக்கத்துக்கு எடுத்தால், கொழும்பிலிருந்து ஒருவர் "விபரத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள்" என்றார். எனவே போகிற இடத்தில் இணைப்பாளரை நம்பாமல், வீட்டுக்காரரையோ கூட வேலை செய்யும் உள்ளூர்க்காரரையோ முதல் வாரத்திலேயே பழக்கம் பிடியுங்கள். உங்களுடன் ஆஸ்பத்திரியில் நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த நாட்டு அம்புலன்ஸ் இலக்கத்தையும் கேட்டு வையுங்கள். இங்கே இலக்கம் 1990. அந்தச் சேவை யாழ்ப்பாணத்துக்கு 2018இல்தான் வந்தது, இலவசம்.

மொழி தெரியாமல் நோயில் படுக்க வெளிநாடு போகவும் வேண்டாம். கொழும்புக்குப் போகும் யாழ்தேவி ரயிலில் ஏறினால் போதும். என் கணவரை இருதய நோய்க்காகத் தெற்கில் ஒரு பெரிய வைத்தியசாலையில் சேர்த்தபோது, அந்த விடுதியில் தமிழில் ஒரு கேள்வி கேட்க ஆள் இல்லை. காது கேளாதவரிடம் பேசுவதுபோல் சிங்களத்தையே உரத்துப் பேசினார்கள். இத்தனைக்கும் 1987இலேயே அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. இனவாதம் பேசுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஜப்பான் பிள்ளையை இரவிரவாகப் பார்த்த தாதிகளில் ஒருவர் குருநாகல் சிங்களப் பெண், யாழ்ப்பாணத்துக்கு வந்து தமிழ் பழகியவர், என்னைவிட மெதுவாகவும் அன்பாகவும் அதைப் பேசுகிறவர்.

நீங்களும் சிங்களம் படித்திருக்கலாமே என்று எழுதப்போகிறவருக்கு: படித்தேன். கணவர் வீடு திரும்பிய பிறகு, இந்த வயதில், கொப்பியும் கையுமாக வகுப்புக்குப் போய்ப் படித்தேன். அந்த விடுதியில் தமிழ் தெரிந்த ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்பதை இப்போது சிங்களத்திலும் சொல்வேன்.