குடியும் மனச்சோர்வும்: உதவியை எங்கே தேடுவது?

போதை மீட்பு ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். குடி, போதை, மனநலம் குறித்து நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அவசரமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

என் தங்கை, "நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி" என்கிறாள். இதைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்த எண்ணம் வலுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

வலுக்காது. "உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா?" என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடுவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு, ஒருவராவது கேட்டார்களே என்ற ஆறுதல்தான் கிடைக்கிறது. "ஆமாம்" என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். எப்படிச் செய்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தால், இன்றே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அறிவுரையும் "உனக்கு என்ன குறை" என்ற கேள்வியும் இப்போது வேண்டாம்.

என் கணவர் பல ஆண்டுகளாகத் தினமும் குடிப்பவர். நாளை முதல் அடியோடு நிறுத்துவதாகச் சொல்கிறார். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

அவர் முடிவெடுத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மருத்துவரைப் பார்க்காமல் நிறுத்த வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். நாள்தோறும் நிறையக் குடித்த உடல், மதுவின் மந்தத்துக்கு எதிராகவே நரம்புகளை முடுக்கி வைத்திருக்கிறது. மது சட்டென்று நின்றதும் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. சில மணி நேரத்திலேயே கைநடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள், இல்லாத உருவங்கள் தெரிவது, காய்ச்சல், தன்னிலை மறந்த உளறல் ஆகியவை சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 'பைத்தியம் பிடித்துவிட்டது' என்று உறவினர்கள் கலங்குவது பெரும்பாலும் இந்த நிலையைப் பார்த்துத்தான். முறையான மருந்துகளால் இதைத் தடுக்க முடியும். வைட்டமின் பி1 கொடுப்பதும் முக்கியம். அது குறைந்தால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால், மருத்துவமனையில் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். மருத்துவரிடம் குடிக்கும் அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். மருந்தின் அளவை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்.

மனநல மருத்துவர், "குடியை விட்டுவிட்டு வாருங்கள்" என்கிறார். மீட்பு மையத்திலோ, "மனச்சோர்வைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்" என்கிறார்கள். நான் எங்கே போவது?

இப்படி அலைக்கழிப்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சேர்த்துத்தான் சிகிச்சை தர வேண்டும். "இரண்டையும் இங்கேயே பார்ப்பீர்களா?" என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். போதை சிகிச்சைப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைகளின் மனநலத் துறையில் இதற்கு வாய்ப்பு அதிகம். குடியால் வந்த மனச்சோர்வு, நிறுத்திய சில வாரங்களில் தானாகவே தணிவதுண்டு. தணியாவிட்டால் அதற்கும் தனியாக மருந்தோ பேச்சு சிகிச்சையோ தேவை. மனச்சோர்வு மாத்திரைகள் முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். பத்து நாளில் பயனில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மகன் சிகிச்சைக்கு வர மறுக்கிறான். அவனுக்குத் தெரியாமல் உணவில் மருந்து கலந்து கொடுக்கலாமா?

கூடவே கூடாது. அப்படிக் கலக்கப்படுவது பெரும்பாலும் டைசல்ஃபிராம் மாத்திரை. அது உடலில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, நெஞ்சு படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு எல்லாம் ஏற்படும். சிலருக்கு உயிரே போகலாம். விவரம் தெரிந்து, ஒப்புக்கொண்டு எடுக்க வேண்டிய மருந்து அது. குடி வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. அவன் மனம் மாறும் நாளில் மருத்துவரிடம் கேளுங்கள்.

"பட்டால்தான் திருந்துவான்" என்று காத்திருக்கவும் வேண்டாம். அவன் குடிக்காத நேரத்தில் அன்பாகப் பேசுங்கள். குடித்திருக்கும்போது வாக்குவாதம் செய்யாதீர்கள். அவனுக்காகப் பொய் சொல்வதையும் கடன் அடைப்பதையும் நிறுத்துங்கள். குடும்பத்தினருக்கு இந்த அணுகுமுறையைக் கற்றுத்தரும் பயிற்சிகள் உண்டு. அவன் வராவிட்டாலும் நீங்கள் ஆலோசகரிடம் போகலாம். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காகவே 1951 முதல் அல்-அனான் என்ற அமைப்பு இயங்கி வருகிறது.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. குடியை விட விரும்புபவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் கடவுளைப் பற்றிப் பேசுவார்களாமே, நான் போகலாமா?

போகலாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அங்கே தகுதி. 1935-இல் பில் வில்சன், டாக்டர் பாப் என்ற இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நின்றதில் பிறந்த அமைப்பு அது, கட்டணம் கிடையாது. ஒரு குழு ஒத்துவராவிட்டால் வேறொன்றுக்குப் போய்ப் பாருங்கள். ஆன்மிகப் பேச்சே வேண்டாம் என்றால் ஸ்மார்ட் ரிகவரி குழுக்கள் இருக்கின்றன, இணையவழியிலும் கூடுகிறார்கள்.

ஹெராயினை விட்டுச் சில மாதம் இருந்தேன். போன வாரம் மறுபடியும் எடுத்துவிட்டேன். ஆலோசகரின் முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருக்கிறது.

தம்பி, வெட்கத்தோடேயே போங்கள். இப்படி மீண்டும் தொடங்குவது இந்த நோயில் அடிக்கடி நடப்பதுதான்; உங்கள் ஆலோசகருக்கு அது தெரியும். என் கவலை வேறு. இடைவெளியில் உங்கள் உடலின் தாங்குதிறன் குறைந்துவிட்டது. பழைய அளவே இப்போது மூச்சை நிறுத்திவிடலாம். ஹெராயினுக்கு மாற்றாக மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும் பியூப்ரினார்ஃபின், மெத்தடோன் போன்ற மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பது இந்த ஆபத்தை வெகுவாகக் குறைக்கும். 'ஒரு போதைக்கு இன்னொரு போதை' என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். அளவு மீறியவரின் மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும் நலாக்சோன் மருந்து கிடைக்குமா என்றும் கேளுங்கள். கிடைத்தால், உங்களோடு இருப்பவருக்கு அதைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுங்கள்.

மீட்பு மையம் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உரிமம் இருக்கிறதா, மருத்துவர் தவறாமல் வருகிறாரா, குடும்பத்தார் பார்க்க முடியுமா, வீடு திரும்பிய பிறகு என்ன தொடர் சிகிச்சை உண்டு என்று கேளுங்கள். அடிப்பது, கட்டிவைப்பது, "நூறு சதவீதம் குணம்" என்று வாக்களிப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அங்கே சேர்க்காதீர்கள்.