உண்மை மாறக்கூடியது என்றால் ஜனநாயகம் எதன் மேல் நிற்கும்?

கேள்வி: 'மாறாத முடிந்த முடிவு என்று எதுவும் இல்லை' என்கிற அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி போன்ற நடைமுறைவாதிகள் (ஒரு கருத்தை அதன் நடைமுறை விளைவை வைத்து எடைபோடுபவர்கள்), ஜனநாயகத்தையும் சகிப்புத்தன்மையையும் எதை வைத்து ஆதரிக்கிறார்கள்?

எனக்கும் இந்தக் குழப்பம் வெகுநாள் இருந்தது. நான் டூயியிடம் போய்ச் சேர்ந்ததே அம்பேத்கர் வழியாகத்தான். 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன அம்பேத்கருக்கு டூயி ஆசிரியர். 'ஜனநாயகம் வெறும் ஆட்சிமுறை அல்ல, கூடி வாழும் முறை' என்று 1936-இல் அம்பேத்கர் எழுதியது, இருபது வருடம் முன்பு ஆசிரியர் எழுதிய வரிதான்.

உண்மையே கிடையாது என்று டூயி சொல்லவில்லை. விசாரித்து, சோதித்துப் பார்த்தபின் நம்பிச் சொல்லக்கூடியது எதுவோ, இப்போதைக்கு நம் கையில் இருக்கும் உண்மை அதுதான். நாளைக்குப் புதிதாக ஒன்று தெரியவந்தால் திருத்திக்கொள்ள வேண்டும். அப்படியானால் அந்த விசாரணையில் யாரை விட்டுவிட முடியும்? 1927-இல் அவர் சொன்ன உதாரணம் எனக்கு மறக்கவே மறக்காது. செருப்பு எந்த இடத்தில் கடிக்கிறது என்பது போட்டிருப்பவருக்குத்தான் தெரியும். அதைச் சரிசெய்யும் வித்தை தைப்பவருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் எங்கே வலிக்கிறது என்று யாரும் சொல்லாவிட்டால் அவர் எதைச் சரிசெய்வார்? எண்ணிக்கையில் யார் ஜெயித்தார்கள் என்பதைவிட, அதற்கு முன் நடந்த பேச்சும் விவாதமும்தான் முக்கியம் என்று அவர் சொன்னதும் இதனால்தான்.

சகிப்புத்தன்மை என்ற சொல் எனக்கு இங்கே போதவில்லை. அது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவது மாதிரி இருக்கிறது. டூயி கேட்டது அதைவிடப் பெரிது: நம்மோடு உடன்படாதவரிடமிருந்து கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று நினைப்பது. டூயியின் உண்மைக் கொள்கையைக் கடுமையாகத் தாக்கியவர் பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். 1940-இல், திருமணத்தையும் பாலுறவையும் பற்றி அவர் எழுதியவற்றைக் காரணம் காட்டி, நியூயார்க் சிட்டி கல்லூரியில் அவருக்குக் கிடைத்த வேலையை நீதிமன்றம் ரத்து செய்தது. எண்பது வயது டூயி ரஸ்ஸல் பக்கம் நின்றார். மறுவருடம் அந்த வழக்கைப் பற்றி ஒரு கட்டுரைத் தொகுப்பையே இன்னொருவரோடு சேர்ந்து கொண்டுவந்தார்.

டூயியோடு நான் முரண்படும் இடமும் அந்தச் செருப்புதான். வலியைச் சொன்னால் எதிரே இருப்பவர் காதுகொடுப்பார் என்று அவர் நம்பினார். ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கச் சொன்ன தேசத்திலிருந்து போனவர் அம்பேத்கர். அதனால்தான், ஆசிரியரின் வரியோடு நிறுத்தாமல், சக மனிதர் மேல் மதிப்பும் மரியாதையும் வைக்கிற மனப்பான்மைதான் ஜனநாயகத்தின் சாரம் என்று அவர் சேர்த்து எழுதினார்.