வாசகர் கேள்வி-பதில்: மாடலில் நிற்கிறது, போர்டில் ஆடுகிறது

கேள்வி: சென்சர் பகுதியையும் மோட்டார் கட்டுப்பாட்டையும் சிமுலிங்கில் (மாடல் வரைந்து ஓடவிட்டுப் பார்க்கும் மென்பொருள்) ஒரே மாடலாக வரைந்தேன். சிமுலேஷனில் வேகம் சரியாக நிலைக்கிறது. இரண்டு போர்டுகளாகப் பிரித்து நொடிக்கு 500 கிலோபிட் கேன் பஸ்ஸில் (போர்டுகள் பகிர்ந்துகொள்ளும் தகவல் இணைப்பு) இணைத்ததும் வேகம் ஏறி இறங்கி ஆடுகிறது. ஏன்?

பதில்: இரு பகுதிகளுக்கும் நடுவே நீங்கள் இழுத்த கோடு, மாடலில் தாமதமே இல்லாமல் சிக்னலைக் கடத்துகிறது. போர்டில் அப்படி நடக்காது. இரண்டிலும் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஒரு டாஸ்க் (நிரல் பகுதி) ஓடுவதாக வைத்துக்கொள்வோம். சென்சரைப் படித்த மறுகணமே மதிப்பு மாறினால், அடுத்த சுற்றுவரை 10 மில்லிசெகண்ட் போய்விடும். ஃபிரேம் (பஸ்ஸில் போகும் தகவல் பொட்டலம்) வரும்போது எதிர்ப்புற டாஸ்க் அப்போதுதான் முடிந்திருந்தால் இன்னொரு 10. இரு போர்டுகளின் கடிகாரங்களும் ஒத்து ஓடாததால் இந்தத் தாமதம் மெல்லக் கூடிக் குறையவும் செய்யும்.

பஸ்ஸில் செலவாகும் நேரம் குறைவுதான். 11 பிட் அடையாள எண்ணும் 8 பைட் தரவும் கொண்ட ஃபிரேம், ஸ்டஃப் பிட்டுகளையும் (ஒத்திசைவுக்காக இடையே செருகப்படுபவை) அடுத்த ஃபிரேமுக்கு முன் விடும் இடைவெளியையும் சேர்த்து அதிகபட்சம் 135 பிட், அதாவது 270 மைக்ரோசெகண்ட். ஆனால் கேனில் சிறிய அடையாள எண்ணே முந்தும். உங்கள் ஃபிரேமுக்கு முன்னால் பத்து ஃபிரேம்கள் காத்திருந்தால் 2.7 மில்லிசெகண்ட் கூடும். 5 ஹெர்ட்ஸ் அலைவில் 20 மில்லிசெகண்ட் தாமதம் 36 டிகிரி பின்னடைவு. ஃபேஸ் மார்ஜினின் (ஆட்டம் தொடங்கும் முன் தாங்கக்கூடிய பின்னடைவு) பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும்.

மாடலை இரண்டாகப் பிரித்து, நடுவே 0 முதல் 23 மில்லிசெகண்ட் வரை மாறும் தாமத பிளாக்கைப் போடுங்கள். மிக மோசமான நிலையிலும் ஆடாதபடி கெய்னைக் (பிழையை எவ்வளவு வலுவாகத் திருத்துவது என்ற பெருக்கு எண்) குறையுங்கள். ஃபிரேம் வந்ததும் கட்டுப்பாட்டு டாஸ்க்கை ஓடவிட்டால் ஒரு 10 மில்லிசெகண்ட் மிச்சமாகும். அப்படிச் செய்தால் ஃபிரேம் நின்றதும் கட்டுப்பாடும் நின்றுவிடும். 30 மில்லிசெகண்ட் டைம்அவுட் வைத்து, அது தாண்டினால் மோட்டாரைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுபோங்கள். ஃபிரேமில், சென்சர் டாஸ்க் ஓடும் ஒவ்வொரு முறையும் அதுவே ஏற்றும் 4 பிட் கவுன்டரும் கட்டாயம் வேண்டும். சென்சர் டாஸ்க் தொங்கிப்போனாலும் டிரைவர் (ஃபிரேமை அனுப்பும் நிரல்) பழைய மதிப்பையே அனுப்பிக்கொண்டிருக்கலாம். டைம்அவுட் அதைக் கண்டுபிடிக்காது.

கேள்வி: ஒரு போர்டிலிருந்து 258 அனுப்பினால் மற்றதில் 513 வருகிறது!

பதில்: பைட் வரிசை தலைகீழ். 258 என்பது 1, 2 என்ற இரு பைட்டுகள்; மாற்றிப் படித்தால் 2×256+1=513. 0, 257 போன்ற எண்களில் சோதித்தால் இந்தப் பிழை தலைகாட்டாது. ஸ்ட்ரக்சரை (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் சி மொழித் தொகுப்பு) அப்படியே காப்பி செய்து அனுப்பாதீர்கள். கம்பைலருக்குக் கம்பைலர் நடுவே சேர்க்கும் காலி பைட்டுகள் மாறும். ஷிஃப்ட் செய்து ஒவ்வொரு பைட்டாக வையுங்கள். ஃபிரேமின் அமைப்பை ஒரே டிபிசி ஃபைலில் (எந்தத் தரவு எங்கே என்று சொல்வது) எழுதி, இரு மாடல்களும் அதிலிருந்தே எடுக்கட்டும்.

கேள்வி: பட்டனை வேகமாக அழுத்தினால் சில அழுத்தங்கள் காணாமல் போகின்றனவே?

பதில்: பெறும் பக்கம் கடைசி மதிப்பை மட்டும் வைத்திருப்பதால்தான். 'அழுத்தியிருக்கிறது' என்ற நிலையை அனுப்பாமல், இதுவரை எத்தனை முறை என்ற 8 பிட் எண்ணிக்கையை அனுப்புங்கள்; பெறுபவர் முந்தையதைக் கழித்துக்கொள்ளட்டும். ஒரு ஃபிரேம் தவறினாலும் கணக்குத் தப்பாது. சி மொழியில் கழித்த விடையை மீண்டும் 8 பிட் அன்சைன்டாக (குறைக்குறி இல்லாத எண்ணாக) மாற்ற மறக்காதீர்கள். இல்லாவிட்டால் 255-லிருந்து 0-க்குத் திரும்பும் இடத்தில் 1-க்குப் பதில் -255 கிடைக்கும்.